சந்திக்கு வந்த சம்மன்

மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சந்தி, சாலை பிரியும் இடம். ரெங்கத்துக்குப் போகிற சாலை பிரிகிற இடம் என்பதால் எங்கள் ஊருக்குச் சிம்பாங் ரெங்கம் என்று பெயர். ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில், கூட்டரசுச் சாலை எண் 1-இன் ஓரத்தில் அமைந்த சின்னஞ்சிறு பட்டணம் இது. சுற்றிலும் செம்பனையும் அன்னாசியும். ஊரின் பெயரிலேயே சாலை இருப்பதால்தானோ என்னவோ, எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் எந்தப் பேச்சு தொடங்கினாலும் முடிவில் சாலைக்கு வந்துவிடும். சாலைப் பேச்சு வந்தால் அடுத்து வருவது சம்மன்.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை, கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பழைய சாலை வழியே போனவர்கள் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்று பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். பெருமை முடிந்ததும் பெருமூச்சு வரும். "இப்ப நம்ம ஊருக்குள்ள வர்றது யாரு? சம்மன் எழுதறவங்கதான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்.

சிறுவயதில் நானும் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான். பல்கலைக்கழகத்திற்கு வந்து பொது நிர்வாகப் பாடம் எடுத்த பிறகு, அந்தச் சிரிப்புக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருப்பது தெரிந்தது. சம்மன் எழுதுவது உயிரைக் காப்பதற்கா, கஜானாவை நிரப்புவதற்கா? சிறிய ஊர்கள் சம்மனை வைத்துப் பிழைப்பு நடத்த முடியுமா? இக்கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முடியும் என்பதற்கு அமெரிக்காவில் சான்றுகள் உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் நியூ ரோம் என்று ஒரு கிராமம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 60. அவ்வழியே போகும் பெரிய சாலையில் அந்தக் கிராமத்திற்குள் நுழைந்ததும் வேக வரம்பு சட்டென்று குறையும். குறைந்ததைக் கவனிக்காதவர்களுக்கு அபராதம் காத்திருக்கும். கிராமத்தின் வருமானமே அதுதான் என்ற நிலை வந்து, பல ஆண்டுச் சர்ச்சைக்குப் பிறகு 2004-இல் நீதிமன்றம் அந்தக் கிராம நிர்வாகத்தையே கலைத்துவிட்டது. அலபாமா மாநிலத்தின் புரூக்சைடு என்ற ஊரின் கதை 2022-இல் செய்தியானது. 1,253 பேர் வாழும் அவ்வூரில், 2020-ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 49 விழுக்காடு, அபராதமும் பறிமுதலும் தந்தது. செய்தி வெளியான சில நாள்களிலேயே அவ்வூர்ப் போலீஸ் தலைவர் பதவி விலகினார்.

இவற்றைக் காட்டிலும் என் மனத்தை உலுக்கியது மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரம். 2014-இல் மைக்கல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, அமெரிக்க நீதித்துறை அந்நகரை ஆராய்ந்து 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015 நிதியாண்டில் அந்நகரம் எதிர்பார்த்த பொது வருமானம் 13.26 மில்லியன் டாலர், அதில் 3.09 மில்லியன் டாலர் அபராதத்திலிருந்து வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள்! இன்னும் நடக்காத குற்றத்தை வரவுசெலவுத் திட்டத்தில் வரவாக எழுதியிருந்தார்கள் என்றல்லவா பொருள்? அதே அறிக்கையில் ஒரு பெண்மணியின் கதை வருகிறது. 2007-இல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கு அவருக்கு 151 டாலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. ஏழ்மையால் உரிய நாளில் கட்ட முடியவில்லை. அபராதத்தின் மேல் அபராதம் ஏறியது. ஆறு நாள் சிறையிலும் இருந்தார். சிறுகச் சிறுக 550 டாலர் கட்டியும், 2014 டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி நின்றது. காரை நிறுத்தியது ஒரு நாள். கட்டிக்கொண்டே இருந்தது ஏழு ஆண்டு.

சரி, நம் நாட்டு நிலை என்ன? ஒட்டுக்கடைப் பெரியவர்கள் நினைப்பது போல் எங்கள் ஊர்ச் சாலையில் எழுதப்படும் சம்மன் எங்கள் ஊரை வாழவைக்கிறதா? இல்லை என்பதே உண்மை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் போலீசும் சாலைப் போக்குவரத்துத் துறையும் வசூலிக்கும் பணம் கூட்டரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. சிம்பாங் ரெங்கத்தில் ஒருவர் 300 ரிங்கிட் கட்டினால், அந்தப் பணத்தில் எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு குழியைக்கூட மூடமுடியாது. அமெரிக்கச் சிற்றூர்களுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. அங்கே சம்மன் எழுதுகிற போலீஸ் ஊர் நிர்வாகத்தின் போலீஸ். இங்கே நாடு முழுமைக்கும் ஒரே போலீஸ். நம் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்துச் செய்தார்களோ நினையாமல் செய்தார்களோ, அந்த வகையில் இது ஒரு நல்ல வேலி.

ஆனால் அந்த வேலியில் ஓட்டைகள் உண்டு. முதல் ஓட்டை, வாகன நிறுத்துமிடம். ஊராட்சி மன்றங்கள் நிறுத்துமிடக் கட்டணமும் அதைக் கட்டாதவர்களுக்கு அபராதமும் விதிக்கின்றன. அது மன்றத்தின் வருமானம். பெரும்பாலான ஊராட்சி மன்றங்களுக்கு மதிப்பீட்டு வரியே முதுகெலும்பு. மாநகரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் இருக்கின்றன, வரி குவிகிறது. எங்களைப் போன்ற மாவட்ட மன்றங்களின் எல்லைக்குள் இருப்பவை இரண்டு வரிசைக் கடைகளும் தாமான் வீடுகளும்தாம். இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிசெய்யவே 1981-இல் ஊராட்சி மன்றப் பராமரிப்புக்கான மானியச் சட்டம் கொண்டுவரப்பட்டது. மானியம் போதாதபோது மன்றங்கள் வேறு வழி தேடுவது இயல்பு. சிலாங்கூரில் 2025-இல் சில ஊராட்சி மன்றங்களின் வாகன நிறுத்துமிட நிர்வாகம் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, வசூலில் 50 விழுக்காடு நிறுவனத்திற்கு, 40 விழுக்காடு மன்றத்திற்கு, 10 விழுக்காடு மாநில அரசின் துணை நிறுவனத்திற்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. அதைக் குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது நினைவிருக்கலாம்.

இரண்டாவது ஓட்டை, கேமரா. 2012 செப்டம்பரில் ஏ.இ.எஸ். எனப்பட்ட தானியங்கி அமலாக்க முறை 14 கேமராக்களோடு தொடங்கியது. நாடு முழுவதும் 831 இடங்களில் கேமரா வைப்பது திட்டம். இரண்டு தனியார் நிறுவனங்கள் அதை நடத்தின. அவர்களுக்குக் கிடைக்கும் பணம் சம்மன் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்ததே மக்களின் கோபத்திற்குக் காரணம். குற்றம் கூடினால் இலாபம் கூடும் என்றால், குற்றம் குறைய வேண்டும் என்று அந்த நிறுவனம் எப்படிப் பிரார்த்திக்கும்? 2018 செப்டம்பர் முதல் தேதி சாலைப் போக்குவரத்துத் துறையே அம்முறையை ஏற்றுக்கொண்டது. அப்போது கட்டப்படாமல் கிடந்த 31 லட்சம் சம்மன்கள் இரத்து செய்யப்பட்டன. அவற்றின் மதிப்பு 435 மில்லியன் ரிங்கிட். ஒழுங்காகக் கட்டியவர்கள் கட்டியதுதான்.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகி, மக்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குப் பெயர்ந்த பிறகு, நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளி வேனில் போகும் தூரத்திற்குப் போய்விட்டது. மாமாவின் வேனில் 17 பிள்ளைகள். அவர்களில் பலருடைய பெற்றோர் தொழிற்சாலையில் காலை 'ஷிப்ட்' பார்ப்பவர்கள். வேன் வரவில்லை என்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கணக்கு அவ்வளவு எளிது.

ஓராண்டு சாலை வரியைப் புதுப்பிக்கப் போன மாமா வெறுங்கையோடு திரும்பி வந்தார். வண்டி கருப்புப் பட்டியலில் இருக்கிறதாம். நான்கு சம்மன். அண்டை மாவட்டங்களில் வெவ்வேறு மாதங்களில் விழுந்தவை. ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? வண்டியின் பதிவில் இருந்தது தோட்டத்து முகவரி. அந்த லயத்தை இடித்துச் செம்பனைக் கன்று நட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடிதங்கள் எங்கே போயினவோ!

"ரெண்டு நான் ஓட்டினதுதான்மா, அதை மறுக்கல" என்றார் மாமா. "ஆனா கடுதாசி வரணும்ல? கடுதாசி வர்றதுக்கு வீடு வேணும்ல?"

கேட்டுக்கொண்டிருந்த அத்தை எதுவும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனார். மறுநாள் காலை அவருடைய கழுத்துச் சங்கிலி கழுத்தில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அடகுக் கடைக்குப் போகும் வழி எல்லாருக்கும் தெரியும்.

எல்லாம் கட்டி முடித்து வண்டி சாலைக்கு வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் 17 பிள்ளைகளில் ஒன்பது பேர் பள்ளிக்குப் போகவில்லை. மாமாவுக்கு அந்த மாதக் கட்டணத்தில் நான்கு நாளைக் கழித்துக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் அது காசு. முகவரியை மாற்றாதது யார் தவறு, இடித்த லயத்துக்கே கடிதம் அனுப்பியது யார் தவறு என்று வழக்காடவும் நான் வரவில்லை. நான் பார்த்தது ஒன்றுதான். அதே தொகை மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பவருக்கு ஓர் இரவு விருந்துச் செலவு. எங்கள் வீட்டில் அது அத்தையின் சங்கிலி. ஒன்பது பிள்ளைகளின் நான்கு நாள் படிப்பு.

உடனே, அப்படியானால் சம்மனே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். கட்டாயம் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாள்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நான் ஐந்தாம் படிவம் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாயிற்று. சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்த லோரி. ஆசிரியர் அந்த நாற்காலியை எடுக்கச் சொல்லவில்லை, எஸ்.பி.எம். தேர்வு முடியும்வரை அது அங்கேயே இருந்தது. அந்த லோரிக்காரருக்கு அதற்கு முன்னால் யாராவது ஒருவர் ஒரு சம்மன் எழுதி நிறுத்தியிருந்தால் என்று நான் எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன். ஆகவே சம்மனுக்கு நான் எதிரி அல்லள். உயிருக்காக எழுதப்படும் சம்மன், பணத்துக்காக எழுதப்படும் சம்மனோடு கலந்து, மக்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துச் சிரிக்கும் நிலை வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. சிரிப்புக்குள்ளான சட்டத்திற்கு யாரும் பிரேக் பிடிப்பதில்லை.

அந்தச் சிரிப்பை வளர்த்ததில் கழிவு அறிவிப்புகளுக்கும் பங்குண்டு. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் கே.எல்.சி.சி.யில் நடந்த அரசாங்க நிகழ்ச்சியில் சம்மனுக்கு 80 விழுக்காடு வரை கழிவு கிடைத்தது. தீபாவளி மலிவு விற்பனை போல் மக்கள் திரண்டார்கள். உடனே கட்டியவன் ஏமாளி, காத்திருந்தவன் கெட்டிக்காரன் என்ற பாடத்தை நாமே கற்றுக் கொடுத்தோம். 2025-இல் இதை மாற்ற ஒரு முடிவு அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல், 15 நாளுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு, 30 நாளுக்குள் கட்டினால் 33 விழுக்காடு, அதன்பின் கழிவு இல்லை, 60 நாள் கடந்தால் நீதிமன்றம் என்பதே அது. விரைவில் கட்டுபவருக்குச் சலுகை என்பது நியாயம்தான். ஆனால் கடிதமே கைக்கு வராதவருக்கு 15 நாள் எந்த நாளிலிருந்து தொடங்கும்? மாமாவின் கேள்வி அங்கேயே நிற்கிறது.

வரி வாங்குவதைப் பற்றி நம் முன்னோர்கள் சிந்திக்காமல் இல்லை. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு ஓர் அறிவுரை சொல்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாளைக்கு வரும். யானையே வயலில் இறங்கிவிட்டால் அது தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்பது அதன் கருத்து. மாமாவின் கதையில் அரசாங்கத்திற்குக் கிடைத்தது சில நூறு ரிங்கிட். மிதிபட்டது எவ்வளவு என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

அப்படியானால் என்னதான் வழி? மூன்று செய்திகளைச் சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, எல்லை வகுப்பது. மிசூரி மாநிலத்தில் 1995-லேயே ஓர் ஊரின் வருமானத்தில் போக்குவரத்து அபராதம் இத்தனை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. பெர்குசனுக்குப் பிறகு, 2015-இல், அந்த எல்லை இன்னும் இறுக்கப்பட்டது. நம் ஊராட்சி மன்றங்களும் நிறுத்துமிட அபராதத்தில் எவ்வளவு வந்தது, அது எங்கே செலவானது என்று ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, தகுதிக்கேற்ற தண்டம். பின்லாந்தில் 1921 முதலே வருமானத்தைப் பொறுத்து அபராதம் விதிக்கும் முறை உண்டு. 2002-இல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்கு, 50 கிலோமீட்டர் வேகப் பகுதியில் 75-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்காக 116,000 யூரோ விதிக்கப்பட்டு உலகமே வாயைப் பிளந்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது என்றாலும், கொள்கை நிலைத்தது. வலி சமமாக இருந்தால்தான் தண்டனை சமம்.

மூன்றாவது, கேள்வி கேட்கும் உரிமை. இதில் நம்மவர் ஒருவரின் பெயர் வருகிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி. நாகப்பன். 1968-இல் முடிந்த அந்த அறிக்கை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்கள் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். அமெரிக்காவில் கெட்டுப்போன ஊர்களும் தேர்தல் நடந்த ஊர்கள்தாம். எனவே தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் ஊரில் அபராதம் உயர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு ஒரு முகமாவது இருக்கும். ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கையை நம் தமிழ் மாணவர்கள் நூலகத்தில் தேடிப் படித்தால் அதுவே நல்ல தொடக்கம்.

சட்டம் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடந்த தீபாவளி விடுமுறையில் நானும் ஊர்த் தோழியர் இருவரும் மாலை நேரங்களில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். வண்டி வைத்திருக்கும் பெரியவர்களின் பதிவு முகவரியைக் கேட்டு எழுதினோம். முதல் மாலையில் வந்த பதினோரு பேரில் ஆறு பேருக்கு இன்னமும் தோட்டத்து முகவரி. கைப்பேசிச் செயலியில் சம்மன் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னோம்; முகவரி மாற்றத்திற்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். பட்டம் பெற்றால்தான் சேவை செய்ய முடியும் என்பதில்லை. மலாய்ப் பாரத்தை வாசிக்கத் தெரிந்தாலே போதும்.

உங்கள் ஊரிலும் ஒட்டுக்கடை இருக்கும். இடிக்கப்பட்ட லயத்தின் முகவரியோடு ஓடும் வண்டிகளும் இருக்கும். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். ஏதோ ஒரு வீட்டில் ஒரு சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.